தலைவலிக்குக் கழுத்தை முறிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தலைவலி வந்தால் கழுத்தை ஒருமுறை சொடக்கு எடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை, கைபேசியில் ஓடும் காணொளிகளால் வேகமாகப் பரவிவருகிறது. முடிதிருத்தகத்தில் தலையைப் பிடித்துப் படக்கென்று திருப்பும் பழைய வழக்கத்துக்கு இப்போது கைரோபிராக்டிக் (முதுகெலும்பு, கழுத்து மூட்டுகளைக் கையால் அழுத்தித் திருப்பும் சிகிச்சைமுறை) என்ற பெயரும் சேர்ந்துகொண்டிருக்கிறது. திருப்பூரில் பனியன் தொழிலாளர்களுக்குச் சிகிச்சை அளித்துவரும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் இது குறித்துச் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

எங்களிடம் வருபவர்களில் பலர், தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கினாற்போல வலிக்கிறது என்றே சொல்கிறார்கள். உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் இறுக்கத் தலைவலி இதுதான். ஓவர்லாக் இயந்திரத்தின் முன் ஒன்றரை ஷிப்ட் தைக்கும் ஒரு பெண்ணின் நாளைக் கவனித்தாலே காரணம் விளங்கிவிடும். விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தான் சாப்பிடாமலே கம்பெனி வண்டியில் ஏறுகிறார். இடையில் ஒரு டீயும் வடையும்தான் ஆகாரம். கழிப்பறைக்கு எழுந்துபோனால் பீஸ் குறையும், சூப்பர்வைசரின் பேச்சுக்கும் ஆளாக வேண்டும் என்பதால் மாலைவரை தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார். சுமார் 5 கிலோ எடையுள்ள தலை ஊசிமுனையை நோக்கிக் குனிந்தே இருக்க, அந்தப் பாரத்தை நாள் முழுவதும் பிடரித் தசைகள் தாங்குகின்றன.

இதற்கு அவர் கைகொள்ளும் வைத்தியம், கடையில் சில்லறையாக வாங்கும் மாத்திரை. சாதாரண வலிமாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, பல மருந்துகள் கலந்த மாத்திரையை 10 நாட்களோ அதற்கு மேலோ, 3 மாதங்களுக்கு மேல் தொடர்ந்து விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியை நிலைக்கச் செய்துவிடும் என்பதைத் தலைவலிகளுக்கான சர்வதேச வகைப்பாடு தெளிவாக வரையறுத்திருக்கிறது. நோயாளிகள் எளிதில் நம்ப மறுப்பது இதைத்தான். நிறுத்திய முதல் சில நாட்களில் வலி கூடும் என்பதால், மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை.

நாங்கள் சொல்லும் மாற்றங்கள் எளிமையானவை. காலை உணவைத் தவறவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரே நேரத்தில் உறங்கி எழ வேண்டும். டீ, காபியை ஒரேயடியாக நிறுத்தினால் அதுவே தலைவலியைக் கிளப்பும் என்பதால் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குனிவது குறையும்படி நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டு, மணிக்கொரு முறை மோவாயைப் பின்னுக்கு இழுத்துச் சில விநாடிகள் நிறுத்தி, தோள்பட்டைகளைப் பின்னோக்கிச் சேர்க்க வேண்டும். நாற்பதைக் கடந்தவர்கள் கண் பரிசோதனை செய்துகொள்வதும் அவசியம். வெள்ளெழுத்தோடு நூல் கோர்ப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இனி கைரோபிராக்டிக் பற்றி. 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய இம்முறையை, அந்நாட்டில் பல ஆண்டுகள் படித்து உரிமம் பெற்றவர்களே செய்ய முடியும். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளிலிருந்து வரும் வலியுணர்வும் நெற்றிக்கும் முகத்துக்கும் உரிய நரம்பின் வலியுணர்வும் மூளைத்தண்டில் ஓரிடத்தில் கூடுவதால், கழுத்து மூட்டின் கோளாறு நெற்றியில் வலியாகத் தெரிவதுண்டு. அத்தகைய தலைவலிக்குக் கைச்சிகிச்சை, உடற்பயிற்சியோடு சேரும்போது, ஓரளவு பயன் தருகிறது. ஒற்றைத் தலைவலிக்கு அதே பயன் உண்டு என்பதற்கான சான்று வலுவானதாக இல்லை.

ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் இரண்டு, கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாகவே மேலேறுகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதானதுதான் என்றாலும் இளம் வயதினரையும் இது தாக்குகிறது. மேலும், அத்தகைய கிழிசல் ஏற்கெனவே இருப்பவருக்கு முதலில் தோன்றுவதே கழுத்துவலியும் தலைவலியும்தான் என்பதால், பரிசோதிக்காமல் கழுத்தில் கைவைப்பது எவருக்கும் தகாது. திடீரென உச்சத்தில் வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி, 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் தலைவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் நேரே மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும்.

நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கென்று சட்டபூர்வமான தனிக் கவுன்சில் இல்லாத நிலையில், பலகை மாட்டியவரின் தகுதியை நோயாளி எப்படி அறிவார்? கழுத்தெலும்பைக் கையாளும் எவரும் தம் படிப்பையும் பதிவு எண்ணையும் வெளிப்படையாக எழுதிவைக்க அரசு ஆணையிட வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடுவரை செல்கிறது. அதே சேவை தையல் கூடங்களுக்குள்ளும் மாதம் ஒருமுறையாவது வர வேண்டும். குடிநீரும் கழிப்பறையும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே நிர்வாகத்தின் கடமையாக எழுதப்பட்டவை. அவற்றைப் பயன்படுத்த எழுந்து செல்லும் நேரத்தைப் பீஸ் கணக்கில் கழிக்கக் கூடாது என்று தொழிலாளர் துறை அலுவலர்கள் ஆய்வின்போது உறுதிசெய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்,
திருப்பூர்.