நியூஹேவன் பழைய படங்களுக்கு உங்கள் பங்கு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டிராம் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனால் நியூஹேவன் என்ற பழைய மீனவர் ஊர். 2023 ஜூனில்தான் டிராம் அங்கே எட்டியது. நம்மவர்கள் பலர் அந்தப் பக்கம் குடியிருக்கிறோம். ஞாயிறு மாலை துறைமுகச் சுவரில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறோம். அதே இடத்தில் 1840களில் எடுத்த படங்களுக்குப் புகைப்பட வரலாற்றிலேயே தனி இடம் உண்டு என்பது, உண்மையைச் சொன்னால், எங்கள் குழுவிலேயே பாதிப் பேருக்குப் போன வருடம்தான் தெரிந்தது.

கதை ஒரு சண்டையில் தொடங்குகிறது. 1843 மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிரிந்தது. 450க்கும் மேற்பட்ட பாதிரியார்கள் வெளியேறினார்கள். அத்தனை பேரையும் ஒரே ஓவியத்தில் வரைய ஆசைப்பட்டார் ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில். முகங்களை எப்படி நினைவில் வைப்பது? விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர், படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி, ராபர்ட் ஆடம்சன் என்ற இளம் புகைப்படக்காரரை அறிமுகம் செய்தார். கால்டன் குன்றில் இருந்த ராக் ஹவுஸ் இருவருக்கும் பட்டறை ஆனது. ஓவியம் முடிய 1866 ஆகிவிட்டது. அதை விடுங்கள், நமக்கு வேண்டியது அவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நியூஹேவனுக்கு இறங்கி வந்ததுதான்.

அன்றைய நெகட்டிவ், அதாவது பிரதி எடுப்பதற்கான மூலப்படம், காகிதத்தில். அதில் படம் பதிய நேரமாகும். நல்ல வெயிலிலும் அசையாமல் வெகுநேரம் இருக்க வேண்டும். அதனால்தான் படங்களில் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தும், ஆண்கள் படகில் முதுகு கொடுத்தும் நிற்கிறார்கள். அப்பாவின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு பையனும் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்காத ஆளை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பெண்கள் தூண்டிலுக்கு இரை கோப்பார்கள், மீனைச் சுமந்து மேடேறி எடின்பரோவில் வீடு வீடாக விற்பார்கள். நம் ஊர் மீன்காரம்மா சும்மாடு வைத்துத் தலையில் சுமப்பார். இவர்களுக்குக் கூடை முதுகில், அதன் வார் நெற்றியில். பாரம் முழுக்கக் கழுத்துக்குத்தான். எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால் போன்ற சிலரின் பெயர் நிலைத்தது. பல படங்களுக்கு அடியில் 'நியூஹேவன் மீனவப் பெண்' என்பதோடு சரி.

ஹில்லும் ஆடம்சனும் இந்தப் படங்களைத் தொகுதியாக வெளியிடப் போவதாக 1844இல் அறிவித்தார்கள். அது வரவே இல்லை. ஆடம்சன் 1848 ஜனவரியில், 26 வயதில் இறந்துபோனார்.

அந்தப் படங்கள் இன்று எடின்பரோ தேசியக் கலைக்கூடத்திலும் கிளாஸ்கோ பல்கலைக்கழக நூலகத்திலும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கு நம் பணம் தேவையில்லை. எங்கள் கவலை அதற்குப் பிந்தைய படங்கள்தான்: பழைய மீனவக் குடும்பங்களின் அலமாரிகளில் கிடக்கும் கல்யாணப் படம், பள்ளிக்கூடப் படம், மீன் சந்தையில் யாரோ எடுத்த படம். போன வருடம் ஒரு வீட்டைக் காலி செய்தபோது ஒரு முழு ஆல்பம் குப்பைத் தொட்டி ஓரம் கிடந்தது. எடுத்து வந்தோம். ஒரு படத்தின் பின்னாலும் பெயர் இல்லை.

ஆகவே இவ்வூர்ப் பெரியவர்கள் சிலரும் நம்மவர்கள் சிலரும் சேர்ந்து, வீட்டுப் படங்களை வாங்கி ஸ்கேன் செய்து உடனே திருப்பிக் கொடுப்பது, யார் எவர் என்று பெரியவர்களைச் சொல்லவைத்துப் பதிவு செய்வது, தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் எழுதிக் கண்காட்சி வைப்பது என்று இறங்கியிருக்கிறோம்.

"நம் ஊர் வரலாற்றையே எழுதி முடிக்கவில்லை, இவர்கள் ஊருக்கு எதற்குக் காசு?" என்று போன கூட்டத்தில் ஒரு அண்ணா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். எங்களிடம் பெரிய பதில் இல்லை. எங்கள் குழுவில், யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊரான பருத்தித்துறைக்காரர் ஒருவர் இருக்கிறார். ஹில், ஆடம்சன் எடுத்த, வில்லி லிஸ்டன் என்ற நியூஹேவன் மீனவரின் படத்தைக் காட்டியதும், கீழே எழுதியிருந்ததைப் படிக்கும் முன்பே, "ஆள் தூண்டில் கயிற்றைச் சிக்கெடுக்கிறார்" என்றார். தலைப்பும் அதுவேதான். பக்கத்தில் இருந்த நியூஹேவன் பாட்டி அவரை அப்புறம் விடவே இல்லை, ஒன்றரை மணி நேரம் மீன்பிடிக் கதைதான். இந்த மாதிரிப் பேச்சு இன்னும் நடக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

மொத்தச் செலவு 2,400 பவுண்டு. ஸ்கேனர், அமிலம் கலக்காத காகித உறைகள், பெட்டிகள், மண்டப வாடகை, அச்சு. அச்சுக்குத்தான் பாதிக்கு மேல் போகிறது. எங்களுக்குள் 650 பவுண்டு போட்டுவிட்டோம். யாருக்கும் சம்பளம் கிடையாது, தேநீர்ச் செலவும் எங்கள் கையில்தான். 5 பவுண்டு தந்தாலும் ரசீது உண்டு. மாதக் கணக்கு மண்டப அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பொருளாளர் வாசலில் இருப்பார், அவரிடம் கொடுக்கலாம்.

பணம் முடியாதவர்கள் நேரம் தாருங்கள். தட்டச்சு செய்யவும், பெரியவர்களைக் காரில் அழைத்து வரவும் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டியிடம் பழைய படம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும்: உதவுகிறோம் என்று பேனாவால் பின்னால் பெயர் எழுதிவிடாதீர்கள், மை முன்பக்கம் ஊறிவிடும். மெல்லிய பென்சில் போதும், நாங்களே தருகிறோம்.

அன்புடன்,
படத் தொகுப்புக் குழு