வெயிலில் நின்ற மான்

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உனக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தோமே, நினைவிருக்கிறதா? புள்ளிமான்களெல்லாம் ஆலமர நிழலில் படுத்திருந்தன. முறுக்குக் கொம்புள்ள ஒரு மான் மட்டும் உச்சி வெயிலில், மைதானத்தின் நடுவில் நின்றது. "ஏம்மா அது நிழலுக்கு வரவில்லை?" என்று கேட்டாய். மற்ற மான்கள் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அன்று இரவு நீ அழுதாய்.

போன ஞாயிறு அனுமதி வாங்கி, அந்த வளாகத்தை ஒட்டியுள்ள கிண்டி தேசியப் பூங்காவுக்குள் போய் வந்தேன். 1978-இல் தேசியப் பூங்காவான இடம். மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர்தான். களாவும் சூரையும் நெருங்கிக் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் நடந்தால் பஸ் இரைச்சல் மெல்ல அடங்கிவிடுகிறது. சருகுக்குள் ஒரு நட்சத்திர ஆமை. ஓட்டில் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்போலப் பிரிகின்றன. அசையாதிருந்தால் காய்ந்த புல் என்றே நினைப்போம்.

மரங்கள் விலகிப் புல்வெளி வந்ததும் வனக்காவலர் கையமர்த்தினார். தரையில் ஓரிடத்தில் மட்டும் புழுக்கை குவிந்திருந்தது. அந்த முறுக்குக் கொம்பு ஆண் மான் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போட்டுத் தன் எல்லையைக் காட்டுமாம். நிமிர்ந்து பார்த்தால் சற்றுத் தொலைவில் அதுவே நிற்கிறது. முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்.

அதற்குக் கண்ணும் காலும்தான் காவல், மீனா. பகையைத் தொலைவிலேயே பார்த்து ஓடிப் பிழைக்கும் பிராணி. மரக்கூட்டத்துக்குள் பார்வை மறையும், ஓட்டமும் தடைபடும். வெளிமான் என்று பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள், எனக்குத்தான் உறைக்கவில்லை. புதரும் சீமைக் கருவேலமும் புல்வெளிக்குள் ஏறிவந்தால் அதற்குப் போக்கிடமே இல்லை. காடு என்றால் மரம் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அதை யாரும் ஒதுக்கவில்லையடி. அதன் வீடே அந்த வெயில்தான்.

ஜனவரியில் வந்தால் மழை முடிந்து புல் பச்சையாக இருக்கும். குட்டிப்பயலையும் கூட்டிப்போவோம். அவனுக்கு அந்தச் சிவப்புச் சட்டை வேண்டாம். மண் நிறத்தில் ஒன்று எடுத்து வை.

அன்புடன்,
அம்மா