மேடைக்கு ஒரு சாய்தளம் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கோயில் திருவிழா என்றால் இசைக்குழு இல்லாமல் இராது. ஆனால் நான் பார்த்த மேடைகளில் சக்கர நாற்காலி ஏற வழியே இல்லை, பாட வந்தவரைச் சனத்துக்கு முன்னால் நாலு பேர் மூட்டை மாதிரித் தூக்கி ஏற்றுகிறார்கள், தூக்குகிறவர்களின் மனம் நல்லது, சரி, ஆனால் அவர் ஒரு கலைஞர் அல்லவா? அப்புறம் அறிவிப்பாளர், போரில் ஷெல் விழுந்து அந்தப் பாடகர் காயப்பட்ட கதையை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மைக்கைக் கொடுப்பார். பாடகரின் குரலைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

முதலாம் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் போல் விட்கென்ஸ்டைன், இடது கைக்கென்றே பெரிய இசையமைப்பாளர்களிடம் இசை எழுதுவித்து மேடைகளில் வாசித்தவர். போரில் கை இழந்த எங்கள் பிள்ளைகளுக்கும் கீபோர்ட்டில் அப்படிப் பாடம் அமைக்கலாம், சங்கீத ஆசிரியர்கள் தயவுசெய்து யோசியுங்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. கலை வாழ்வில் பங்கெடுக்கும் உரிமை அதன் 30ஆவது உறுப்புரையில் இருக்கிறது. பிரதேச சபைகள் இனிக் கட்டும் ஒவ்வொரு மேடைக்கும் சாய்தளம் போடட்டும். விழாக் குழுக்கள் மற்றக் கலைஞர்களுக்குக் கொடுக்கிற அதே சம்பளத்தை மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மாங்குளம்.