துணைக்கடவு மரவீட்டுக்குப் போகலாம், சரசு

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. வாடல் நோய் கண்டதால் தெற்குத் தென்னந்தோப்பில் பாதியை வெட்டச் சொல்லிவிட்டார்கள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். மேலே படிக்கக் கொஞ்ச நேரமானது. வெள்ளை ஈ வந்து மட்டையெல்லாம் கரி பூசினாற்போல ஆனபோதே "இது இதோடு போகாது" என்றாய். ஆறுதல் எழுதினால் உனக்குக் கோபம் வரும், அதனால் எழுதவில்லை. மரத்தை வெட்டும் நாட்களில் நீ தோப்பில் நிற்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன். உன் மகன் பார்த்துக்கொள்வான்.

காட்டுக்குள் எங்காவது ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து நாம் இரண்டு பேரும் போய் இருக்கலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஐப்பசியில் நானும் அவரும் என் தங்கை குடும்பத்தோடு துணைக்கடவு மரவீட்டுக்குப் போய்வந்தோம். பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. கேரள வனத்துறை வாடகைக்கு விடுகிறது. இடம் பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கார் போகிற வழி நம் பக்கம் மட்டும்தான்: பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப். கேரளாக்காரர்களே தமிழ்நாட்டுக்குள் வந்து சுற்றித்தான் தங்கள் காட்டுக்குப் போக வேண்டும். சேத்துமடையில் நம் சோதனைச்சாவடி, மேலே போனால் அவர்களுடையது. இரண்டிலும் பணம், இரண்டிலும் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தங்கையின் மருமகன் முகம் சுளித்தான். எனக்கு அது சரியென்றே பட்டது.

வீடு என்றால் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ளாதே. மரத்தோடு சேர்த்துக் கட்டிய பலகை அறை, ஏறப் படிக்கட்டு, ஒரு கட்டில், சின்னக் குளியலறை, முன்னால் நாற்காலி போடுகிற அளவுக்கு ஒரு திண்ணை. காற்று அடித்தால் வீடு லேசாக முனகும். திண்ணைக்கு எதிரே நீர்த்தேக்கம். டிவி இல்லை. என் போனில் சிக்னல் வரவேயில்லை, அவருடையதில் வந்து வந்து போனது. சாப்பாடு அவர்களே கொண்டுவந்து தருகிறார்கள்: சோறு, சாம்பார், ஒரு பொரியல், அப்பளம். வாடகை குறைச்சல் இல்லை. அந்தப் பணத்துக்குக் கோயம்புத்தூரில் ஏசி அறை கிடைக்கும் என்று மருமகன் கணக்குப் போட்டுக்கொண்டேயிருந்தான். உன் கொழுந்தனாரும் இப்படித்தான் கணக்குப் போடுவார், அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதே.

இருட்டிய பிறகு கீழே இறங்கக் கூடாது. பகலிலும் வழிகாட்டி கூட வந்தால்தான் நடக்கலாம். சாயங்காலம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்த பிறகு விடியும்வரை செய்வதற்கு எதுவுமே இல்லை, சரசு! வேலைக்குப் போன காலத்திலிருந்து அப்படி உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ராத்திரி அக்கரையில் ஒரு மிளா, அதுதான் கடமான், கத்தியது. அதன் பின்னால் என்னவோ வந்திருக்கிறது என்று காவலுக்கு இருந்தவர் சொன்னார். என்ன வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. காலையில் தண்ணீர் ஓரத்தில் காட்டெருமைகள் நின்றன. மலையணில் ஒன்று படிக்கட்டுக்கு மேலே கிளை கிளையாகத் தாவிப் போயிற்று. யானையைப் பார்த்தாயா என்று கேட்பாய். சாணியைத்தான் பார்த்தேன்.

இதைவிட எனக்கு மனதில் நிற்பது அந்தத் தண்ணீர். அங்கே போகும்வரை எனக்கு உறைக்கவில்லை, அது உன் வாய்க்கால் தண்ணீர்! பரம்பிக்குளம் அணையிலிருந்து சுரங்கம் வழியாகத் துணைக்கடவுக்கு வருகிறது, அங்கிருந்து சர்க்கார்பதி மின்நிலையத்தில் இறங்கி, மலையோரக் கால்வாயில் திருமூர்த்தி அணைக்குப் போய், பாசன நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து உங்களுக்கு வருகிறது. பரம்பிக்குளம், துணைக்கடவு அணைகள் இருப்பது கேரளாவில், நடத்துவது நம் நீர்வளத் துறை. இரண்டு மாநிலத்துக்குமான ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தாகி 1958-லிருந்தே செல்லும் என்று எழுதப்பட்டது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்து மதகு ஒன்று உடைந்து தண்ணீரெல்லாம் சாலக்குடி ஆற்றுப் பக்கம் போனபோது நீ போனில் திட்டிய திட்டு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எங்களோடு நடக்க வந்த வழிகாட்டி காடர் என்ற பழங்குடி இனத்தவர். நாற்பது வயது இருக்கும். நாம் பேசுகிற தமிழ் அவருக்குப் புரிகிறது, அவர் பேசுவதில் பாதி மலையாளம். அவருடைய பாட்டி இருந்த குடியிருப்பு இப்போது தண்ணீருக்கு அடியில் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, எங்கள் வீடு அந்தத் தெருவில் என்பதுபோலக் கையை நீட்டிக் காட்டினார். எனக்கு உன் தோப்பு ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஆள் காலே படாத காடு என்று நினைத்துத்தான் போனேன். அங்கே சாலையோரமெல்லாம் தேக்கு, அதுவும் வரிசை பிடித்து நிற்கிற தேக்கு. நட்டது. மரம் வெட்டத்தான் முதலில் அங்கே போயிருக்கிறார்கள். டாப்சிலிப்பில் மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் விட்டுக் கீழே இறக்கினார்கள். பரம்பிக்குளத்துப் பக்கம் கொச்சி அரசு 1907 வாக்கில் டிராம் பாதையே போட்டுச் சாலக்குடிக்குத் தேக்கைக் கொண்டுபோனது. செங்குத்தான இடங்களில் இறங்குகிற பாரவண்டி தன் எடையாலேயே காலி வண்டியை மேலே இழுக்கும். எஞ்சின் வேண்டியதில்லை! இன்று நாம் "ஆள் சந்தடி இல்லை" என்று காசு கொடுத்துப் போகிற இடத்தில் அன்று அத்தனை கூலியாட்களும் யானைகளும் இருந்திருக்கிறார்கள்.

அப்படி வெட்டித் தீர்த்த இடத்துக்கு வந்தவர்தான் ஹ்யூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி. கைத்தடியால் குழி போட்டு, பையிலிருந்த தேக்கு விதையை விதைத்துக்கொண்டே நடப்பார் என்று கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, ஆனைமலையில் தேக்கைத் திரும்ப வளர்த்ததில் அவர் பங்கு பெரிது. 1933-ல் குன்னூரில் இறந்தார். அவர் விருப்பப்படி டாப்சிலிப் தேக்குகளுக்கு நடுவே புதைத்தார்கள். போகிற வழியில் கல்லறையைப் பார்க்கலாம். அவர் நட்டதும் வெட்டுவதற்காகத்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெட்டுவது நின்றது பிற்பாடு.

வெட்டாமல் விட்ட கிழவி ஒன்றும் இருக்கிறது: கன்னிமரா தேக்கு. வயது 450 இருக்கும் என்கிறார்கள். சுற்றளவு ஆறரை மீட்டருக்கும் மேல். கோடாலி பட்டதும் ரத்தம் வந்தது, அதனால் விட்டுவிட்டார்கள் என்று வழிகாட்டி சொன்னார். மருமகன் சிரித்தான். அவர் பேசாமல் ஒரு தேக்குத் தளிரைப் பறித்து அவன் உள்ளங்கையில் தேய்த்தார். சிவப்பாகிவிட்டது. அப்புறம் சிரிக்கவில்லை.

எப்போது போகலாம் என்றால், மழைக்காலம் வேண்டாம், அட்டை தாங்காது. கோடையில் தேக்கு இலையெல்லாம் கொட்டி மொட்டையாக இருக்கும், காட்டுத்தீ பயத்தில் மூடிவிட்டாலும் மூடிவிடுவார்கள். கார்த்திகை, மார்கழி நல்லது. அப்போது பூச்சி தின்று தேக்கிலை சல்லடையாகத் தெரியும். அது வருஷாவருஷம் வருவதாம், மரத்துக்கு ஒன்றும் ஆகாதாம். நீ பார்த்ததும் மருந்தடிக்கக் கிளம்பிவிடாதே.

உன் முழங்காலுக்கு மரவீட்டுப் படி சிரமம் என்று தோன்றினால் கீழேயே தங்க இடம் கேட்கலாம். கூடார அறைகளும் உண்டு. முன்பதிவு இணையத்தில்தான், என் மகள் செய்து தருவாள். ஆதார் அட்டை, டார்ச், சால்வை, உன் மாத்திரைகள், ஸ்டீல் பாட்டில் போதும். முறுக்கு கொண்டுவருவதானால் தூக்குப்போசியில் கொண்டுவா, கவரில் போட்டால் சேத்துமடையிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பொள்ளாச்சியில் நான் ஏறிக்கொள்கிறேன்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், வீட்டில் எந்தப் பொருளும் இடுப்புக்குக் கீழே வைக்க முடிவதில்லை. உன் மருமகளுக்கு இது எத்தனையாவது மாதம் என்று நீ எழுதவேயில்லை. அதைப் பார்த்துத்தான் தேதி வைக்க வேண்டும். உங்கள் மண்டலத்துக்கு எப்போது தண்ணீர் விடுகிறார்கள் என்பதையும் எழுது, தண்ணீர் முறை வந்தால் நீ எங்கும் கிளம்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா?

அன்புடன்,
விசாலாட்சி