பிரிந்த தம்பதியரும் பிரியாத வீட்டுக் கடனும்

ஆசிரியர் அவர்கட்கு,

உங்கள் பத்திரிகையில் வரும் வங்கி ஏல அறிவித்தல்களைப் படிப்பவர்கள் கவனித்திருப்பார்கள்: கடனாளர் என்ற இடத்தில் கணவன், மனைவி இருவரது பெயரும் சேர்ந்தே இருக்கும். அவர்களில் சிலர் பிரிந்து வருடக் கணக்காகியிருக்கும். "வீட்டை அவவுக்கே விட்டிட்டன், கடனும் அவவின்ர பொறுப்பு" என்று ஒருவர் நிம்மதியாக இருந்திருப்பார். வங்கிக்கு அப்படியொரு ஏற்பாடு இருப்பதே தெரியாது.

வீட்டை வங்கிக்கு ஈடு வைக்கும் ஆவணமான ஈட்டு முறியில் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்று ஒரு தொடர் உண்டு. பாதிக் கடன் உங்களுக்கு, பாதி எனக்கு என்பதல்ல அதன் பொருள். இருவரில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் வங்கி கேட்கலாம் என்பதே. புதுக்கடை நீதிமன்றத்தில் விவாகரத்துத் தீர்ப்புக் கிடைத்தாலும் அந்த வழக்கில் வங்கி ஒரு தரப்பு அல்ல. தீர்ப்பில் யார் கட்டுவது என்று எழுதியிருந்தால், கட்டாதவர் மீது மற்றவர் வழக்குத் தொடர அது உதவும், வங்கியைக் கட்டுப்படுத்தாது.

வீட்டின் விலையைக் கடன் மிஞ்சியிருந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் எடுத்த கடன்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போயிற்று. தவணையைத் தள்ளிப்போட வங்கி இடமளித்த சலுகைக் காலத்தில் கட்டாத வட்டி பல கடன்களில் முதலோடு ஏறியது. பல வருடம் கட்டியும் முதல் அசையவில்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. மீதிக் கடன் 238 இலட்சம், மதிப்பீட்டாளர் தரும் சந்தைப் பெறுமதி 230 இலட்சம். உண்மையில் வாங்குபவர் தருவது 215 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரகுக் கூலி 3 வீதம் போனால் கையில் 208.55 இலட்சம். துண்டு விழுவது 29.45 இலட்சம். அந்தப் பணமும் வராமல் வங்கி ஈட்டை நீக்காது, உறுதியும் கைக்கு வராது. ஆகவே வாங்குபவரைத் தேடுமுன் கிளை முகாமையாளருக்கு இருவரும் கையொப்பமிட்ட கடிதம் போக வேண்டும். எதிர்பார்க்கும் விலை, துண்டு விழும் தொகை, இருவரது வருமானம், மீதியைக் கட்டும் விதம் நான்கும் அதில் இருக்கட்டும். வங்கியின் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையையும் இணையுங்கள். தவணை 90 நாள் பிந்துமுன் போகும் கடிதத்துக்குத்தான் மதிப்பு. அதன்பின் கோப்பு அறவிடும் பிரிவுக்குப் போய்விடும்.

வங்கி இணங்கினால் துண்டு விழும் தொகையைப் புதுக் கடனாக மாற்றித் தரும். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். புதுக் கடனையும் இருவர் பெயரிலேயே எழுத வங்கி விரும்பும். அதற்கு ஒப்புக்கொண்டால் வீடு போய் விலங்கு மட்டும் மிஞ்சும். ஆளுக்கு 14.7 இலட்சமளவில் இரண்டு தனிக் கடன்களாகக் கேளுங்கள். வட்டி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

ஒருவர் வீட்டை வைத்துக்கொள்வதென்றால் முதற் கேள்வி சம்பளம். 238 இலட்சத்துக்கு 12 வீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 262,000 ரூபா. தவணை சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வங்கி பார்த்தால், ஒருவரே 524,000 ரூபா உழைக்க வேண்டும். வேறு வங்கிக்கு மாற்றலாமே என்பார்கள். அது பெறுமதியில் 75 வீதம் தருமென்றால் 172.5 இலட்சம், மீதி 65.5 இலட்சத்தைக் கையிலிருந்து வைக்க வேண்டும். ஆகவே நடைமுறையில் பழைய வங்கியிடமே மற்றவரைக் கடனிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்பதுதான் வழி. விடுவிப்பு எழுத்தில் வராமல் பாதிப் பங்கை உறுதி எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்தவருக்கு வீடு இல்லை, கடன் மட்டும் இருக்கும். கடன் தகவல் பணியகத்தின் கிரிப் (CRIB) அறிக்கையிலும் அது நிற்கும். நாளை வாகன லீசிங் கேட்டாலும் அதைத்தான் பார்ப்பார்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மிச்சப் பெறுமதி எதுவும் இல்லாவிட்டாலும் முத்திரைத் தீர்வை கடனைக் கழித்துக் கணக்கிடப்படுவதில்லை. 115 இலட்சம் பெறுமதியான பாதிப் பங்கை விற்பனை உறுதியில் கைமாற்றினால் முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமும், மொத்தம் 459,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம் வேறு. "வீட்டை விட்டுக்கொடுக்கிறேன்" என்று வெள்ளைத் தாளில் கையொப்பமிட்டு வைப்பதால் காணி கைமாறாது; நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாக எழுத வேண்டும். வட மாகாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்கள் அதைச் சட்டத்தரணியிடம் முதற் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து), மனைவி காணியைக் கைமாற்றக் கணவரின் சம்மதம் போன்ற கேள்விகள் உறுதி எழுதும் நாளில் கிளம்பினால் வேலை நின்றுவிடும்.

ஈட்டு முறியை எடுத்து இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். "இப்போதுள்ள, இனி ஏற்படும் சகல கடன்களுக்கும்" என்ற கருத்தில் ஒரு பந்தி இருக்கக்கூடும். இருந்தால், வீட்டுக் கடன் மட்டுமல்ல, ஒருவரது கடைக்கு எடுத்த மேலதிகப் பற்றும் கடனட்டை நிலுவையும் அதே வீட்டின் மேல் ஏறலாம். பிரிந்த வாரமே வங்கிக்கு எழுதி, இந்த ஈட்டின் மேல் இருவர் கையொப்பமின்றிப் புதிதாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று கேளுங்கள். கடிதத்தின் பிரதியில் வங்கியின் திகதி முத்திரையை வாங்குங்கள்.

இப்போது விற்க முடியாதவர்கள் வீட்டை வாடகைக்கு விடுவதுண்டு. வாடகை ஒருவரது கைக்கு வந்தால் மூன்றாம் மாதமே சண்டை. இருவர் கையொப்பமும் தேவைப்படும் தனிக் கணக்கொன்றில் வாடகை விழட்டும். அங்கிருந்து நிலையான கட்டளை மூலம் தவணை போகட்டும். குறைவதை யார் எத்தனை வீதம் போடுவது என்று எழுதி வையுங்கள். பராமரிப்புக் கட்டணத்தையும் மறக்கக் கூடாது. தொடர்மாடியில் அது நிலுவையானால் விற்கும் நாளில் முகாமைத்துவக் குழு தடையில்லாச் சான்று தராது.

இவை எதுவும் நடக்காதபோதுதான் பராட்டே. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்து, நீதிமன்றம் போகாமலே வீட்டை ஏலத்தில் விடலாம். ஏலப் பணம் போதாவிட்டால் மீதிக்கு இருவரில் எவர் மீதும் வழக்கு வரும். அறிவித்தல்கள் வங்கியிடமுள்ள பழைய விலாசத்துக்கே போகும். வீட்டை விட்டுப் போனவரே பெரும்பாலும் அவற்றைக் காணாதவர். அவர் வீட்டை விட்டுப் போகும் மாதத்திலேயே தன் புதிய விலாசத்தைப் பதிவுத் தபாலில் வங்கிக்கு அனுப்பி, கணக்குக் கூற்றின் பிரதி தனக்கும் வர வேண்டும் என்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஈட்டு ஆவணங்கள் எழுதும் நொத்தாரிசு ஒருவர்,
கொழும்பு-06