மழலையர் விளையாட்டில் 'அவுட்' வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் ஆண்டு விளையாட்டு விழாக்கள் நடைபெறும் பருவம் இது. எல்.கே.ஜி. படிக்கும் என் பேத்தியின் பள்ளி விழாவுக்குச் சென்ற வாரம் போயிருந்தேன். 20 குழந்தைகளுக்கு 19 நாற்காலிகள் போட்டு 'மியூசிக்கல் சேர்' நடத்தினார்கள். பாட்டு நின்றதும் மற்ற பிள்ளைகள் பாய்ந்து உட்கார்ந்துவிட, என் பேத்தி பாட்டு ஏன் நின்றது என்று ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் சுற்றிலேயே 'அவுட்' என்று சொல்லி அவளை ஓரமாக உட்கார வைத்தார்கள். மீதி 18 சுற்றுகளும் முடியும்வரை அவள் சுவரோரம் அமர்ந்து, ஷூவின் பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தாள்.

இது அந்த ஒரு பள்ளியின் குறை அன்று. ஏறக்குறைய எல்லா மழலையர் பள்ளிகளிலும் விளையாட்டு என்றால் இதுதான் என்றாகிவிட்டது. அங்கன்வாடியில் 27 ஆண்டுகள் பணியாற்றிய நானும் தொடக்கத்தில் இப்படித்தான் நடத்தினேன். யார் முதலில் வெளியேறுகிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் தவறு புரிந்தது. உடல் மெலிந்த பிள்ளை, கூச்சப்படும் பிள்ளை, சொன்னதை விளங்கிக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும் பிள்ளை ஆகியோரே ஒவ்வொரு நாளும் முதலில் உட்கார்ந்தார்கள். ஓட்டமும் பழக்கமும் யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள் உட்கார்ந்திருக்க, ஏற்கெனவே நன்றாக ஓடும் பிள்ளையே கடைசிவரை ஓடியது.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. காலையில் வேனில் ஏறி, வகுப்பில் உட்கார்ந்து, மாலையில் மாடி வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைக்கு இந்த நேரத்தைப் பள்ளிதான் தர முடியும். வாரத்துக்கு ஒரு 'பி.டி.' வகுப்பு, அதிலும் பாதி நேரம் வரிசையில் நிற்பது என்றால் அந்தக் கணக்கு எங்கே நிறையும்?

நம் ஊர்த் தெருக்களில் ஆடிய ஆட்டங்கள் பலவற்றில் 'அவுட்' என்பதே கிடையாது என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். 'பூப்பறிக்க வருகிறோம்' ஆட்டத்தில் இழுபட்டுத் தோற்ற பிள்ளை வெளியே போவதில்லை, எதிரணியில் சேர்ந்து தொடர்ந்து ஆடுகிறது. 'கல்லா மண்ணா'வில் தொடப்பட்டவர் அடுத்துத் துரத்துபவர் ஆகிறார். 'ஒரு குடம் தண்ணி ஊத்தி' ஆட்டத்தில் இருவர் கைகோத்து வளைவாக நிற்க, மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக நுழைந்துகொண்டே இருக்கிறார்கள். பிடிபட்ட பிள்ளையை அந்த வளைவிலேயே கைகோக்கச் சொல்லிவிட்டால் ஆட்டம் நிற்காது. இவற்றிலும் சிறு மாற்றங்கள் தேவைப்படலாம். 'குலைகுலையா முந்திரிக்கா' நல்ல ஆட்டம்தான், ஆனால் 25 பிள்ளைகளை ஒரே வட்டமாக உட்கார வைத்தால் இருவர் ஓட 23 பேர் காத்திருப்பார்கள். ஆறு ஆறு பேராகப் பிரித்து நான்கைந்து வட்டங்கள் போட்டால் எல்லோருக்கும் மீண்டும் மீண்டும் முறை வரும்.

நாற்காலி ஆட்டத்தைக்கூட விட்டுவிட வேண்டியதில்லை. நாங்கள் நாற்காலிகளுக்குப் பதிலாகப் பழைய கோணிப்பைகளைத் தரையில் விரித்தோம். பாட்டு நிற்கும்போதெல்லாம் ஒரு கோணியை மட்டும் எடுத்துவிடுவோம், பிள்ளைகளில் ஒருவரையும் நீக்குவதில்லை. கடைசியில் ஏழெட்டுப் பேர் ஒரே கோணியில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி நிற்பார்கள், கீழே விழப்போகும் பிள்ளையை மற்றவர்கள் இழுத்துப் பிடிப்பார்கள். முதல் வாரம் முழுவதும் சேர மறுத்து அழுத ஒரு சிறுவனுக்கு, நாங்கள் ரயில் விளையாட்டுக்கு வைத்திருந்த சேலையின் நுனியைப் பிடித்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவனே 'கூ' என்று கத்திக்கொண்டு ரயிலின் முன்னால் ஓடினான்.

இதற்குப் பெரிய மைதானமோ விலையுயர்ந்த கருவிகளோ வேண்டா. மர நிழலும் தரையில் சாக்கட்டியால் வரைந்த எல்லையும் போதும். எல்லோரும் ஒரே திசையில் ஓடுமாறு பழக்கினால் மோதல் குறையும். கோடையில் வெயில் ஏறுவதற்கு முன்பே ஆட்டத்தை முடித்து, உடனே தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டத்துக்கு ஒரு விதிக்கு மேல் சொல்லக் கூடாது என்பது என் அனுபவம்.

எனவே, எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்கான விளையாட்டு விழாக்களில் பிள்ளைகளை வெளியேற்றும் ஆட்டங்களையும் முதல், இரண்டாம், மூன்றாம் பரிசுகளையும் தவிர்க்குமாறு தனியார் பள்ளிகள் இயக்குநரகம் அறிவுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காலையில் அரை மணி, பிற்பகலில் அரை மணி என்று கூட்டு விளையாட்டுக்கு நாள்தோறும் நேரம் ஒதுக்குவதை வகுப்பு அட்டவணையிலேயே சேர்க்க வேண்டும்; எழுத்துப் பயிற்சி முடியவில்லை என்று அந்த நேரத்தைப் பறிக்கவும் கூடாது. பெற்றோரும் பள்ளியில் சேர்க்கும்போது கட்டணத்தோடு இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
விருதுநகர் மாவட்டம்.