என்.சி.சி. ஆசிரியர் மாறினால் ட்ரூப்பும் போய்விட வேண்டுமா?

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கும், தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிகோபார் தேசிய மாணவர் படை (என்.சி.சி.) இயக்குநரகத்தின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். அதோடு எங்கள் பள்ளியின் ட்ரூப்பை, அதாவது மாணவர்களுக்கான ஜூனியர் டிவிஷனும் மாணவிகளுக்கான ஜூனியர் விங்கும் சேர்ந்த என்.சி.சி. குழுவை, நடத்தும் ஏ.என்.ஓ. (அசோசியேட் என்.சி.சி. ஆஃபீசர்) பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. ஆசிரியர் என்ற முறையில் நான் மாநில அரசின் ஊழியர். காக்கி போட்டுவிட்டால் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் ஓர் அமைப்பின் அதிகாரி. என்னைப் போன்றவர்கள் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர்கள் என்பதால்தான் இந்த மடலையும் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பள்ளி என்.சி.சி.யில் பிள்ளைகள் கற்பது என்ன என்று கேட்டால், சல்யூட்டும் வரிசையும் என்றுதான் பலர் சொல்வார்கள். ஒரு நாள் பரேடு முடியும் வரை மைதானத்தில் நின்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஸ்குவாடுக்கு முன்னால் வந்து கட்டளை கொடுப்பாள். முதல் வாரம் குரலே எழும்பாது. கடைசி வரிசைக்குக் கேட்காமல் பாதிப் பேர் திரும்புவார்கள், பாதிப் பேர் நேராகப் போவார்கள். 'தம்' (நில்) சொல்ல ஒரு நொடி தாமதித்தால் மொத்த ஸ்குவாடும் காம்பவுண்டு சுவரில் போய் முட்டி நிற்கும். தன் தயக்கம் அத்தனை பேரின் கால்களிலும் தெரிவதை அவள் கண்ணாலேயே பார்க்கிறாள். அடுத்த வாரம் கொஞ்சம் முன்கூட்டியே யோசிக்கிறாள், வயிற்றிலிருந்து குரல் கொடுக்கிறாள். லான்ஸ் கார்ப்பரல் என்ற முதல் பதவிப் பட்டை கிடைத்த பிறகு, பெரட் தொப்பியின் சிவப்பு ஹேக்கிளை (இறகுக் குஞ்சத்தை) சரியாகக் குத்தத் தெரியாத எட்டாம் வகுப்புப் பையனை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். தலைமைப் பண்பு என்று நாம் மேடையில் பேசுவதை அவள் இப்படித்தான் கற்றுக்கொள்கிறாள். வகுப்பறையில் இதை நடத்த எனக்கு வழி தெரியவில்லை.

பிள்ளைகளைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று இன்னமும் சில வீடுகளில் பயம் இருக்கிறது. என்.சி.சி. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது. அதில் சேர்ந்துவிட்டதால் யாரும் ராணுவத்தில் பணியாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அந்தச் சட்டமே அதைச் சொல்கிறது. ராணுவத்தில் சேர ஆசைப்படுகிற பிள்ளைக்கு வழி இருக்கிறது, அவ்வளவுதான். பள்ளியில் 'ஏ' சான்றிதழ், கல்லூரியில் 'பி', 'சி' என்று போய், 'சி' சான்றிதழோடு பட்டமும் உரிய மதிப்பெண்ணும் இருந்தால் அதிகாரிப் பணிக்கான சிறப்புச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வே கிடையாது. நேராக நேர்முகத் தேர்வுதான். அந்த அதிகாரிகள் பயிற்சி பெறும் அகாடமிகளில் ஒன்று நம் பரங்கிமலையில்தான் இருக்கிறது. இது எத்தனை அரசுப் பள்ளிப் பெற்றோருக்குத் தெரியும்?

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். ஒரு ட்ரூப் இன்று ஒரே ஓர் ஆசிரியரின் தோளில் நிற்கிறது. முறைப்படி ஏ.என்.ஓ. ஆக வேண்டுமென்றால் ஆண் ஆசிரியர் நாக்பூர் அருகே காம்டிக்கும், பெண் ஆசிரியர் குவாலியருக்கும் போய்ப் பயிற்சி முடித்து வர வேண்டும். வீட்டில் கைக்குழந்தையோ படுத்த படுக்கையான பெற்றோரோ இருந்தால் எப்படிப் போவது? போய் வந்தவருக்கும் பதவி உயர்வு வரும், இடமாறுதல் வரும், ஓய்வு வரும். அவர் கிளம்பிவிட்டால் பொறுப்பைக் கேர்டேக்கர் என்ற பெயரில் இன்னோர் ஆசிரியர் தலையில் கட்டுகிறோம். அவர் மேல் குற்றமே இல்லை, அவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் ட்ரூப்பை மேற்பார்க்கும் என்.சி.சி. பட்டாலியனிலிருந்து பி.ஐ. ஸ்டாஃப் (பயிற்சி தரும் ராணுவத்தினர்) வரும் நாளில் மட்டும் பரேடு நடக்கும். அப்புறம் அதுவும் குறையும். வருகைப் பதிவு போதாமல் பிள்ளைகள் 'ஏ' சான்றிதழ் தேர்வே எழுத முடியாமல் போகும்.

ஆகவே என்.சி.சி. உள்ள ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களைத் தயார் செய்யுங்கள். ஒருவர் பொறுப்பில் இருக்கும்போதே அடுத்தவர் பயிற்சிக்குப் போய் வரட்டும். பரேடு நேரத்தைக் கால அட்டவணையில் ஏறிய பாடவேளையாகவே கணக்கில் எடுங்கள். இப்போது காலையில் பாடம், மாலையில் மைதானம், இரவில் முகாமுக்கான பெயர்ப்பட்டியல் என்று ஓடுகிறோம். பிள்ளைகளுக்காக ஓடுவதில் வருத்தமில்லை. ஆனால் இதைப் பார்க்கிற இளம் ஆசிரியர் யாரும் அடுத்து முன்வர மாட்டார். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேடட்களை (என்.சி.சி. பிள்ளைகளை) விழா மேடை ஓரத்தில் மணிக்கணக்காக வெயிலில் நிற்க வைப்பதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

செலவு முழுவதையும் பள்ளியே ஏற்கும் சுயநிதித் திட்டத்தில் வசதியுள்ள தனியார் பள்ளிகள் என்.சி.சி. பெறுகின்றன. அது நல்லதுதான். அந்த வழி அரசுப் பள்ளிக்கு இல்லை. எங்களுக்கு உங்கள் கையெழுத்து ஒன்றே வழி.

எங்கும் முறையான என்.சி.சி. பற்றித் தெளிவு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பார்த்தோம். என்.சி.சி. அனுமதியே இல்லாத ஒரு தனியார் பள்ளிக்குள் அந்தப் பெயரில் போலி முகாம் நடந்தது. அங்கே தங்க வைக்கப்பட்ட சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். காக்கியை நம்பித்தான் பெற்றோர் அனுப்பினார்கள். என் கேடட்களின் அம்மாக்கள் என்னிடம் பிள்ளையை ஒப்படைக்கும்போதெல்லாம் அந்தச் செய்தி நினைவுக்கு வந்து நெஞ்சு அடைக்கிறது.

உண்மையான ஆண்டு முகாமைப் பட்டாலியன் நடத்தும். பல பள்ளிப் பிள்ளைகள் ஒன்றாகக் கூடுவார்கள். முகாமுக்குப் பொறுப்பான அதிகாரி இருப்பார், மாணவிகளோடு பெண் அதிகாரிகள் இருப்பார்கள். ஒவ்வொரு கேடட்டுக்கும் பதிவு எண் உண்டு. இவ்வளவு தெரிந்திருந்தாலே ஒரு பெற்றோர் இரண்டு கேள்வி கேட்டுப் போலியைக் கண்டுபிடித்துவிடலாம். அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

அடுத்த சேர்க்கை தொடங்கும் முன், என்.சி.சி. அனுமதி உள்ள பள்ளிகளின் பட்டியலைப் பட்டாலியன் பெயர், தொலைபேசி எண்ணோடு மாவட்டம்தோறும் வெளியிடுங்கள். முதன்மைக் கல்வி அலுவலகத்திலும் ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் அது தமிழில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது ஆசிரியர் பயிற்சிக்கான ஆணையும் அதோடு சேர்ந்து வந்தால், எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெயரை அன்றே அனுப்பத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியர், ஏ.என்.ஓ.